காரீயம் உருக்குதல்: கேட் மெட்டலர்ஜிக்கு நான் படித்த விதம்

கேட் (GATE) என்ற பொறியியல் நுழைவுத் தேர்வில் மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல், எழுதுகிறவர்கள் பலர் இரும்பையும் அலுமினியத்தையும் உருப்போட்டுவிட்டு, காரீயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ள வேண்டாம். சமன்பாடுகள் கொஞ்சம்தான், கணக்கும் நேராக வரும். விடை எண்ணை நாமே பதிகிற கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க்கும் கிடையாது.

ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: தாதுவில் இருக்கும் கந்தகம் எங்கே போகிறது? கலீனா என்பது காரீய சல்பைடு. அதில் 86.6 சதவீதம் காரீயம், மிச்சம் கந்தகம். வறுத்தால் கந்தகம் சல்பர் டை ஆக்சைடாகப் புகையோடு போகும். சுழல் உலையில் பழைய இரும்பும் சோடா சாம்பலும் சேர்த்து உருக்கினால், கந்தகத்தின் பெரும்பகுதி இரும்போடும் சோடியத்தோடும் சேர்ந்து சல்பைடாகி, உலைக்குள்ளேயே மேட் என்கிற உருகிய சல்பைடு அடுக்கில் தங்கிவிடும். அடியில் காரீயம், அதற்கு மேல் மேட், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்லாக், அதாவது கசடு.

இப்போது கணக்கு. 1 டன் செறிவூட்டிய தாதுவில் 600 கிலோ காரீயம், அத்தனையும் கலீனாவாக இருக்கிறது என்று வையுங்கள். இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு காரீயத்தை விடுவிக்கிறது; அணு எடைப்படி 207 கிலோ காரீயத்தை விடுவிக்க 56 கிலோ இரும்பு வேண்டும். அப்படியானால் 600 கிலோவுக்குச் சுமார் 162 கிலோ. இதோடு நிறுத்தாதீர்கள். தாதுவில் பைரைட் (இரும்பின் சல்பைடு தாது) இருந்தால் அதன் கூடுதல் கந்தகமும் இரும்பைத் தின்னும். அந்த அளவையும் போட்டுப் பார்த்தால்தான் பாடம் கைக்கு வரும்.

அப்புறம், உலை ஏன் சுற்ற வேண்டும்? மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை வறுக்கும் டிரம்மைப் பார்த்தவர்கள், சரக்கைப் புரட்டத்தான் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். தீயில் காய்ந்த செங்கல் சுவர் சுற்றிக் கீழே வரும்போது சரக்குக்கு அடியிலிருந்தும் சூடு கொடுக்கிறது. செமஸ்டர் தேர்வில் இந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். குளச்சலில் வலைக்கு ஈயக்குண்டு வார்க்க சாதாரண அடுப்பே போதும். உலைக்கு மட்டும் ஏன் 1000 டிகிரி அளவில் சூடு? வினை வேகமாக நடக்க வேண்டும், ஸ்லாக்கும் மேட்டும் இளகி ஓட வேண்டும். ஆனால் சூடு கூடக்கூட காரீய சல்பைடும் ஆக்சைடும் ஆவியாகிப் போகும். பை வடிகட்டியில் பிடித்த அந்தத் தூசியைத் திரும்ப உலைக்கே போடுவார்கள்.

அந்தத் தூசி நஞ்சு. பழைய பேட்டரி உருக்கும் ஆலைக்கு இன்டர்ன்ஷிப் போனால் முறையான முகக்கவசம் கேட்டு வாங்குங்கள், கை கழுவாமல் எதுவும் சாப்பிடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் குளித்து உடுப்பு மாற்றிவிட்டே ஆலையிலிருந்து கிளம்புங்கள்.