உடனிருந்தவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதிய பணிக்குறிப்பு ஒன்று வரி பிசகாமல் நினைவிருக்கிறது. ‘காலையில் அடம் பிடித்தான். குளிக்க மாட்டேன் என்றான். மூன்று முறை சொன்ன பிறகு வந்தான்.’

அந்த ‘அவன்’ 41 வயதுக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதே வயதில் தெருவில் யாரைப் பார்த்தாலும் ‘அவர்’ என்றுதான் என் வாயில் வந்திருக்கும். கோப்பில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று இரண்டு சொல் இருந்ததும் மரியாதை விகுதி கழன்று விழுந்துவிட்டது. நான் மட்டுமில்லை, அவரைப்போன்றவர்கள் வாழும் அந்த வீட்டில் உதவியாளர்களாக வேலை பார்த்த எல்லோரும் அவரை ‘டா’ போட்டுத்தான் கூப்பிட்டோம். அன்பாகத்தான். அந்த அன்பு வேண்டுமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

மேற்பார்வையாளர் குறிப்பேட்டை என் முன் வைத்து, “இதை அவர் எதிர்ல சத்தமா வாசிக்க முடியுமாம்மா?” என்றார். முடியவில்லை. பிறகு எல்லோரையும் வைத்துக்கொண்டே அவரிடம், “உங்களை நாங்க எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்டார். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது என்று நான் முடிவு கட்டிய பிறகு, “சார்” என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு சார். நாங்கள் அவருக்கு ஏற்கெனவே சாரும் மேடமும்தான் என்பதால் கணக்கு அப்போதுதான் நேரானது.

அது நான்கு பேர் வாழும் ஒரு சாதாரண வீடு. சார் அதற்கு முன் பதினேழு வருடம் ஒரு பெரிய காப்பகத்தில் இருந்தவர். 2006இல் ஐநா பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப்போலவே அவர்களும் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. பயிற்சி வகுப்பில் அதைப் படித்தபோது எங்கள் வீட்டைப் பற்றிப் பெருமையாக இருந்தது. அந்த நால்வரில் யாரும் மற்ற மூவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

இன்னொன்றும் உறைத்தது. எங்களுக்கு இரவு 8 மணிக்கு ஷிஃப்ட் மாறும். வருகிறவருக்கு வேலை மிச்சம் வைக்கக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். அதனால் ஏழரைக்கெல்லாம் நான்கு பேரும் இரவு உடைக்கு மாறிப் படுக்கைக்குப் போயிருப்பார்கள். ஏழரைக்குத் தூங்கப் போகிறவர் விடியுமுன்பே விழித்துவிடுவார். பேச்சுத் துணைக்கு யாருமின்றி மூன்று மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவரை ஏழு மணிக்குப் போய்க் ‘குளிக்க வாங்க’ என்றால் எரிச்சல் வராதா? அதற்குத்தான் நான் ‘அடம்’ என்று பெயர் வைத்திருந்தேன். சுவீடனைச் சேர்ந்த பெங்க்ட் நீர்யே 1969லேயே இதை எழுதிவிட்டார்: நாளுக்கும் வாரத்துக்கும் வருடத்துக்கும் மற்றவர்களுக்கு இருக்கும் தாளம் இவர்களுக்கும் இருக்கவேண்டும், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஒருவரை முன்னதாகவே படுக்க அனுப்பக்கூடாது. நாங்கள் ஆள் மாற்றும் நேரத்தை இரவு 10 மணிக்குத் தள்ளினோம். தள்ளுவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதச் சண்டையை எழுதினால் யாருக்கும் பயனில்லை, விட்டுவிடுகிறேன்.

அதே வீட்டில் பேச்சு வராத ஓர் அம்மா இருந்தார். திடீரென்று ஒரு மாதம் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தார். நடத்தைப் பிரச்சினை என்று அட்டவணை போட்டோம். எத்தனை முறை, எத்தனை மணிக்கு, அறைவதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று நான்கு பத்திகள். மருத்துவரும் ‘இவங்களுக்கு இதெல்லாம் வரும்’ என்று தூக்கம் வரும் மாத்திரை எழுதினார். கடைவாய்ப் பல் அழுகியிருந்ததை மூன்று வாரம் கழித்துப் பல் மருத்துவர்தான் கண்டுபிடித்தார். எந்த வலியையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுகிற இந்தப் பழக்கம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காதுவலி, மலச்சிக்கல், பல்வலி மூன்றையும் முதலில் பார் என்று பாடமே நடத்துவார்கள். பாடம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நான்கு பத்திகளை நிரப்பியதும் நான்தான். இப்போதும் யாராவது ‘நடத்தை’ என்று சொன்னால் முதலில் வாயைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

பேருந்துக் கதைக்கு வருகிறேன்.

சாருக்கு ஒரு சலவையகத்தில் வேலை கிடைத்தது. துணி மடிப்பது, வாரத்தில் நான்கு நாள். போக ஒரே பேருந்து, ஒன்பது நிறுத்தம். நான் கூடப் போய்வந்தேன். ‘பேருந்தில் தனியாகப் போவது’ என்பதைப் பதினான்கு சின்னச் செயல்களாக உடைத்துத் தாளில் எழுதிக்கொண்டேன். பாஸை எடுத்துச் சட்டைப்பையில் வைப்பது ஒன்று. கதவைப் பூட்டுவது ஒன்று. அவருக்கு எண் வாசிக்க வராது, ஆனால் கையிலிருக்கும் அட்டையிலுள்ள எண்ணும் பேருந்தின் நெற்றியிலுள்ள எண்ணும் ஒரே வடிவமா என்று பார்க்கத் தெரியும். அது ஒன்று. ஆறு வாரத்தில் பதினான்கும் வந்துவிட்டன. நான் பெருமையோடு ஒருநாள் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேருந்து வந்து, கதவு திறந்து, மூடிப் போய்விட்டது. சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் இல்லாத பதினைந்தாவது செயலையும் நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்: மேடம் ‘ஏறுங்க’ என்று சொல்லும்வரை காத்திருப்பது.

கையைப் பிடித்துச் செய்யவைப்பதைவிடச் சொல்லித் தூண்டுவது மென்மையானது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிடித்த கையைத் தளர்த்த வழி இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து தோளுக்கு, பிறகு வெறும் நிழலாக. பேச்சை எங்கிருந்து எங்கே நகர்த்துவது? 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், எதுவும் கற்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 பாகமுள்ள சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். மிகக் குறைவாகப் பேசியே கற்றுக்கொடுத்தார். வரவில்லையென்றால் கற்பவரைக் குறை சொல்லாதே, கற்பிக்கும் வழியை மாற்று என்பது அவர் கட்சி. நான் மனசுக்குள் பத்து எண்ணப் பழகினேன். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று பேருந்து நிறுத்தத்தில் நின்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்குள் மூன்று முறை வாய் திறந்து மூடிவிடும். ஏழில் ஒருநாள் அவர் தானாக ஏறினார்.

பிறகு நான் இரண்டு இருக்கை பின்னால் உட்கார்ந்தேன். பிறகு அடுத்த பேருந்தில் வந்தேன். பிறகு நிறுத்தத்தில் மட்டும் போய் நின்றேன். தனியாகப் போன பதினோராவது நாள் சார் வந்து இறங்கவில்லை.

கடைசி நிறுத்தத்திலிருந்து ஓட்டுநர், அட்டையின் பின்பக்கத்திலிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சார் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். நடுங்கியது நான்தான். “என்ன சார் ஆச்சு?” என்றேன். எண்ணினேன். எட்டில் சொன்னார்: “கேட் இல்ல.”

நீல கேட் தெரிந்ததும் எழுந்து மணியை அழுத்துங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். திரும்பும்போது பார்த்தேன். கேட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். சார் சொன்னது சரி. நீல கேட் இல்லை.

அலுவலகம் சம்பவ அறிக்கை கேட்டது, பயணத்தை நிறுத்தியும் வைத்தது. அடுத்த ஞாயிறு சாருடைய அக்கா வந்தார். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பெர்ஸ்கி 1972இல் எழுதிய ‘ஆபத்தின் கண்ணியம்’ என்ற கருத்தை நான் தயாராக வைத்திருந்தேன். எந்த ஆபத்தும் அண்டாமல் பொத்திப் பொத்திக் காப்பது அந்த மனிதரின் கண்ணியத்தையே பறிப்பதாகும் என்பது அதன் சாரம். எனக்கு அதில் இப்போதும் சந்தேகமில்லை. அக்கா அதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு ஒரு ரிப்போர்ட், மேடம். எனக்கு?”

நான் வாயடைத்துப்போனேன். அவர் சொன்ன ‘அவன்’ வேறு என்பதும் அப்போதுதான் காதில் விழுந்தது. அது தம்பிக்குரியது. என் குறிப்பேட்டில் இருந்தது கோப்பு எண்ணுக்குரியது.

1980களின் தொடக்கத்தில்கூட, டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டு அளவில்தான் இருந்தது. இன்று வசதியுள்ள நாடுகளில் அது 60ஐ எட்டியிருக்கிறது. சாருக்கு இருப்பதும் டவுன் சிண்ட்ரோம்தான். பெற்றோரை மட்டுமல்ல, அக்காவையும் தாண்டி வாழக்கூடியவர். ‘எனக்கப்புறம் யாரு’ என்ற கேள்வியை இந்த வேலையில் எல்லாக் குடும்பத்திலும் கேட்டிருக்கிறேன். அதற்கு நான் பதில் என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் வேலையில் சம்பளம் குறைவு, ஆட்கள் நிற்பதில்லை. சார் என்னைத் தவிர ஒன்பது பணியாளர்களை வழியனுப்பியிருக்கிறார்.

அக்கா மறுக்கவில்லை. ஒருமுறை தானும் அந்தப் பேருந்தில் வருகிறேன் என்றார். மூன்று பேரும் போனோம். பாலத்தில் வண்டி ஏறி இறங்கியபோது சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எத்தனையோ முறை பார்த்த சிரிப்பு அது, குறித்துக்கொண்டதில்லை. “ஊஞ்சல்ல சின்ன வயசுலேயும் இப்படித்தான்,” என்றார் அக்கா. பிறகு விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்து, “பாலத்துலேருந்து ரெண்டாவது நிறுத்தம்தானே?” என்றார். அவ்வளவுதான். நீல கேட்டைத் தாளிலிருந்து அடித்துவிட்டுப் பாலம் என்று எழுதினேன். வயிறு சொல்லும் அடையாளத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்கமுடியாது.

அனுமதி திரும்பக் கிடைக்க இரண்டு மாதம். நான் மறுபடியும் பின் இருக்கை, அடுத்த பேருந்து, நிறுத்தம் என்று படிப்படியாக விலகினேன். ஒருநாள் காலை நான் செருப்பை மாட்டும்போது சார் வாசலில் நின்று, “நீங்க வேண்டாம்,” என்றார்.

அன்று மாலை படிவத்தை நிரப்பினேன். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம். ‘பயணத்தின்போது உடனிருந்தவர்’ என்ற கட்டத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதினேன். மறுநாள் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கட்டத்தை முறையாக நிரப்பும்படி திருப்பி அனுப்பியிருந்தார்கள்.