குன்னூரில் வீடு தேடுபவர்கள் மழையில் தேடுங்கள்

குன்னூருக்கு மாற்றல் என்றதும் அலுவலகத்தில் பலரும் சொன்னது ஒன்றுதான்: "சீசன்ல மட்டும் வீடு தேடாதீங்க." உண்மைதான். ஏப்ரல், மே மாதங்களில் நல்ல வீடுகள் நாள் வாடகைக்குப் போய்விடுகின்றன. எனக்கு வாய்த்தது ஐப்பசி மழை. இப்போது யார் கேட்டாலும் அப்போதே வந்து பாருங்கள் என்பேன். கூடலூர்ப் பக்கம் ஜூனிலேயே நனைந்துவிடும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். கோடையில் எல்லா வீடும் அழகுதான், எது ஒழுகும் என்பது மழையில்தான் தெரியும்.

புரோக்கர் அண்ணன் முதலில் காட்டியது பெட்போர்டு பக்கம் ஒரு வீடு. வாசலிலேயே கார் நிற்கும், ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம். "இப்பதான் பெயின்ட் அடிச்சாங்க" என்றார். படுக்கையறையில் சுவர் அலமாரியைத் திறந்தேன். உள்ளே பெயின்ட் அப்பளம்போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் சில்லென்று ஈரம். வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது. சரிவை வெட்டிக் கட்டிய வீடு, பின்சுவர் அப்படியே மண்ணோடு ஒட்டி நிற்கிறது. அந்த ஓதத்துக்கு எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. துணி, செருப்பு, சர்டிபிகேட் எல்லாம் பூசணம் பிடிக்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் நடக்கிற அளவு சந்தும், அதில் ஒரு வாய்க்காலும் இருந்தால்தான் நல்லது.

மேலே நிற்கும் தடுப்புச் சுவரையும் பாருங்கள். அதில் விட்டிருக்கும் துளைகள் வழியே மழைத்தண்ணீர் வடிந்தால் பயமில்லை. துளையே இல்லாமலோ, அடைத்துக்கொண்டோ, சுவர் வயிறு தள்ளியோ நின்றால் வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்ததை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது வெயில். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வீட்டுக்குத் தெற்கே உயரமான மேடு இருந்தால் அந்த மாதங்களில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். துணி காயாது, வயதானவர்களுக்கு மூட்டுவலி. நான் போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து புரோக்கர் அண்ணன், "வாஸ்து பாக்கறீங்களா மேடம்?" என்றார். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் பிடித்தது ஓட்டுப்பட்டறைப் பக்கம் ஒரு பழைய வீடு. தெற்கே திறந்த சரிவு, காலையிலேயே வெயில். குறை என்னவென்றால் ரோட்டிலிருந்து ஏகப்பட்ட படிகள். கேஸ் சிலிண்டர் ரோட்டோடு நின்றுவிடும், தூக்கி வர ஆளுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அது பரவாயில்லை. படி ஏறிப் பழகிவிடலாம், ஓதத்துக்குப் பழக முடியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் தனியாகக் கேட்டதில், கோடையில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, தொட்டி பெரிதாக இருக்கிறதா பார் என்றார். இருட்டினால் பாதையில் காட்டெருமை நிற்கும், டார்ச் இல்லாமல் வராதே என்றும் சொன்னார்.

கரண்ட் மீட்டரை மறக்க வேண்டாம். கீழ்வீடும் மேல்வீடும் ஒரே இணைப்பில் இருந்தால் 100 யூனிட் இலவசமும் பங்குதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமும் எகிறும். கீசர் ஓடாத வீடு இங்கே ஏது? எனக்குத் தனி மீட்டர்.

ஒப்பந்தம் எழுதும்போது வீட்டுக்கார அம்மா, "எதுக்கு கண்ணு, வாய்வார்த்தை போதாதா?" என்றார். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும் என்று சொன்னேன். அட்வான்ஸும் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது அதே சட்டம். அவர் கேட்டதே அவ்வளவுதான். கூடவே, சீசனுக்காகக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார். "இத்தனை படி ஏறி எந்த டூரிஸ்ட் கண்ணு வருவான்? எழுதிக்கோ, எழுதிக்கோ."