செட்டிநாட்டு வீட்டில் ஃப்ரீ டிஷ் பெட்டிக்கு யூடியூப் வந்த வழி

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. முகப்பு, திறந்த முற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற நீளம். நிரந்தரமாக இருப்பது ஆச்சி ஒருவர்தான். மாதக் கட்டணம் இல்லை என்பதால் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போட்டிருந்தார்கள். அதில் பெரும்பாலும் இந்திச் சேனல்கள்; டிடி தமிழை விட்டால் ஆச்சி உட்கார்ந்து பார்க்க அதிகம் இல்லை. தந்தி டிவி, புதிய தலைமுறை போன்ற செய்திச் சேனல்களோ யூடியூபில் நேரலையாக, இலவசமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அதே பெட்டியில், அதே ரிமோட்டில் வரவைப்பதுதான் வேலை. முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. சரியான வரிசையில் செய்திருந்தால் அரை நாள் போதும்.

முதலில் ஒன்று. யூடியூப் டிஷ்ஷிலிருந்து வருவதில்லை. “நெட் இல்லாமலே யூடியூப் வரும்” என்று சொல்லிப் பெட்டி விற்பவரை நம்பவேண்டாம். டிஷ் கொடுப்பது சேனல்களை மட்டும். வீடியோவுக்கு வைஃபையும் டேட்டாவும் கட்டாயம் வேண்டும். வைஃபை வசதியுள்ள இந்தப் பெட்டிகள் தனியார் தயாரிப்பு, தூர்தர்ஷன் கொடுப்பதல்ல. அதனால் பெட்டிக்குப் பெட்டி மெனு மாறும், பழுதும் மாறும்.

டிஷ்ஷை முதலில் சரிசெய்தோம். ஃப்ரீ டிஷ் வருவது கிழக்கு 93.5 பாகையில் உள்ள ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து. காரைக்குடி வட்டாரத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், வடக்கிலிருந்து சுமார் 124 பாகையில், தரையிலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் நிற்கிறது. அதாவது டிஷ் ஏறக்குறைய உச்சியைப் பார்க்கிறது. இது நம் வீடுகளுக்கு நல்ல செய்தி: மூன்றடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தாலே மறைப்பு இல்லை. ஓட்டுச் சாய்ப்பில் ஏறி ஆணி அடிக்கவேண்டியதில்லை. மொட்டை மாடித் தரையில் சிமெண்ட் கட்டை வார்த்து அதில் கம்பத்தை நிறுத்தினோம். பழைய சுண்ணாம்புத் தளத்தில் துளை போட்டால் ஐப்பசி மழையில் அந்த இடம்தான் முதலில் ஒழுகும்.

எல்என்பியை, அதாவது டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் தலையை, கவ்வியில் நேராக மாட்டிவிட்டுப் போவது இங்கே பெரிய தவறு. இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது அதை நேர் நிலையிலிருந்து 55 பாகை அளவுக்குத் திருப்பவேண்டும். திருப்பாவிட்டால் பெட்டியின் மெனுவில் சிக்னல் அளவு 80 காட்டும், தரம் 20ல் நிற்கும்; பலர் டிஷ்ஷையே ஆட்டிக்கொண்டிருப்பார்கள். கவ்வியைத் தளர்த்தி எல்என்பியை மட்டும் மெதுவாகச் சுழற்றினால் தரம் ஏறும். மெனுவில் எல்என்பி அமைப்புக்கு எல்ஓ 9750/10600, 22கே ஆஃப்; சோதிக்க அலைவரிசை 11090, வி (செங்குத்து), சிம்பல் ரேட் 29500. தரம் 65க்கு மேல் நின்றால் சாதாரண மழைக்குத் தாங்கும்.

கேபிளைச் சுவர் குடையாமல், வளவின் திறந்த வானவாசல் வழியாகவே இறக்கினோம். மழைத் தண்ணீர்க் குழாயை ஒட்டி ஆர்ஜி6 கேபிள், உள்ளே நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டு. அந்த வளைவில்தான் தண்ணீர் சொட்டிப் போகும். இல்லையென்றால் கேபிளோடு வழிந்து பெட்டியின் சாக்கெட்டில் இறங்கிவிடும்.

அடுத்தது வைஃபை. உண்மையான சண்டை இங்கேதான்.

பெட்டியில் வைஃபை உள்ளே இல்லை. பென்டிரைவ் போன்ற சின்ன வைஃபை கருவியான யூஎஸ்பி டாங்கிள் செருகவேண்டும். எந்த டாங்கிளும் வேலை செய்யும் என்று நினைத்து வாங்கினால் பெட்டி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. இந்தப் பெட்டிகளின் மென்பொருளுக்குள் இரண்டு மூன்று சிப்புகளுக்கான டிரைவர்தான் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு ஆர்டி 5370 அல்லது எம்டி 7601 சிப் உள்ள டாங்கிள் சரிவரும். கடையில் கேட்கும்போது கம்பெனிப் பெயரைக் கேட்காமல் இந்தச் சிப் எண்ணைக் கேளுங்கள். முடிந்தால் பெட்டியையே கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

இந்த டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பட்டியலில் பெயரே வராது. போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் பேண்டை 2.4க்கு மாற்றுங்கள்; ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை ஆன் செய்யுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஆக இருக்கட்டும், டபிள்யூபிஏ3 என்றால் பெட்டி திணறும். ஹாட்ஸ்பாட் பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, எமோஜி பொம்மை எதுவும் வேண்டாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். யாரும் பயன்படுத்தாவிட்டால் தானாக அணையும் நேரத்தையும் நிறுத்திவையுங்கள். இல்லையேல் ஆச்சி மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்து டிவியைப் போடும்போது நெட் இருக்காது.

இப்போது சுவர். நம் வீட்டுச் செங்கல்-சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம். முகப்பு அறையில் வைத்த ரவுட்டர் இரண்டு சுவர் தாண்டி டிவி அறைக்கு வரும்போது சிக்னலில் ஒரு கோடுதான் மிஞ்சியது. படம் பத்து நொடி ஓடி, இருபது நொடி சுற்றிக்கொண்டு நின்றது. ஆனால் இதே வீட்டில் ஒரு வசதியும் இருக்கிறது. முகப்பு வாசலில் நின்று பார்த்தால் கொல்லை வாசல் வரை நேர்கோட்டில் தெரியும், கதவு நிலைகள் எல்லாம் ஒரே வரிசை. ரவுட்டரை அந்தக் கோட்டுக்கு நகர்த்தினோம்: வளவுப் பக்கம், நிலைக்கு எதிரே, ஆளுயரத்தில். வைஃபை திறந்த கதவுகள் வழியாகவே பின்கட்டு வரை போனது. டிவி அறை அந்தக் கோட்டுக்கு ஓரமாக இருந்ததால், டாங்கிளை டிவிக்குப் பின்னால் புதைக்காமல் ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் நிலைப்பக்கம் கொண்டுவந்து மாட்டினோம். சிக்னல் கோடு மூன்றாயிற்று. ஒரு வயரின் விலையில் தீர்ந்த வேலை. இதற்காக ரிப்பீட்டர் வாங்கச் சொல்பவர்களும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் யூடியூப் தொடங்கியதும் பெட்டி அணைந்து அணைந்து எரிந்தது. காரணம் அடாப்டர். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. பழைய அடாப்டர், எல்என்பிக்கும் டாங்கிளுக்கும் சேர்த்துக் கொடுக்கும்போது வோல்டேஜ் இறங்கிவிட்டது. மல்டிமீட்டரில் பார்த்தால் ஓட்டத்தில் 10 வோல்ட்டுக்குச் சற்று மேல். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் மாற்றியதும் அன்றோடு நின்றது. பின்னின் அளவும், நடுவில் பிளஸ் இருப்பதும் பழையதைப் போலவே இருக்கவேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைக்காதீர்கள். வீடியோ ஓடும்போது சூடு அதிகம்.

பிறகு மென்பொருள். பெட்டி வாங்கிக் கொஞ்ச நாளில் யூடியூப் திறக்கும், ஆனால் வீடியோ ஓடாது. யூடியூப் தன் பக்கத்தில் எதையாவது மாற்றும்போதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் செயலி பின்தங்கிவிடுகிறது. தீர்வு, தயாரிப்பாளர் தரும் புதிய மென்பொருள். ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, மெனுவில் யூஎஸ்பி அப்கிரேடு. ஆனால் ஏற்றுவதற்கு முன் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து மாடல், ஹார்ட்வேர் எண், சிப் எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி டப்பா, உள்ளே வேறு சிப் என்பது சாதாரணம். ஜிஎக்ஸ் 6605எஸ் சிப் பெட்டிக்குரியதை சன்பிளஸ் சிப் பெட்டியில் ஏற்றினால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், பிறகு ஆர்எஸ் 232 என்ற சீரியல் சாக்கெட் வழியாகக் கணினியில் கட்டித்தான் உயிர்ப்பிக்கவேண்டும். மெனுவில் பேக்கப் வசதி இருந்தால் பழையதை முதலில் எடுத்துவையுங்கள். ஏற்றும் இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்ட் போகக்கூடாது. இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துச் செய்யுங்கள்.

நேரமும் சரியாக இருக்கட்டும். பல பெட்டிகளில் பேட்டரி கிடையாது, டிஷ் சிக்னலிலிருந்துதான் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளும். மழையில் சிக்னல் இல்லாமல் ஆன் செய்தால் தேதி எங்கோ போய், சில பெட்டிகளில் நெட் இருந்தும் யூடியூப் திறக்காது. நேர அமைப்பில் ஜிஎம்டி +5:30 வைத்துவிட்டு, ஒரு சேனல் வந்தபின் யூடியூபுக்குப் போனால் பிரச்சினை இல்லை.

நெட்ஃபிளிக்ஸ், ஜியோஹாட்ஸ்டார், பிரைம் இந்தப் பெட்டியில் வராது. அவற்றுக்கு வேண்டிய பதிப்புரிமைப் பூட்டு (டிஆர்எம்) வசதி இந்தச் சிப்புகளில் இல்லை, எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவராது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஓடிடி செயலிக்கும் ஆண்ட்ராய்டு டிவியோ போனோ தேவை. கட்டணச் சேனல்களைத் திறக்கிறேன் என்று ‘சர்வர்’ போட்டுத் தருபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். அது திருட்டு, பணமும் சில வாரத்தில் போகும்.

பழைய டப்பா டிவி என்றால் இன்னொன்று. பெட்டியின் 3.5 மில்லிமீட்டர் ஏவி சாக்கெட்டுக்குள் கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. படத்துக்குப் பதில் உறுமல் வந்தால் பெட்டி கெட்டுவிடவில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்களை ஒவ்வொன்றாக மாற்றிச் செருகிப் பாருங்கள், படம் ஏதோ ஒன்றில் நிற்கும்.

டேட்டா: 480பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்குச் சற்று மேல், 720பியில் ஒரு ஜிபிக்கு மேல் போகும். நாளுக்கு 2 ஜிபி போன் பேக்கில் மாலைச் செய்தியும் ஒரு கச்சேரியும் 480பியில் தாராளமாகப் பார்க்கலாம். தமிழில் தட்டச்சு இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இல்லை. ஆங்கில எழுத்தில் தேடி, கிடைத்ததைப் பிடித்தவை பட்டியலில் சேர்த்துவிட்டோம். ரிமோட்டில் ஆச்சி அழுத்தவேண்டிய மூன்று பொத்தான்களின் மேல் மட்டும் சிவப்பு நெயில்பாலிஷில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. அதே வரிசையில் அழுத்தினால் மெனு, யூடியூப், செய்தி.