ஸ்டார் காலேஜ் திட்டத்தில் மானியம் வாங்கிய கதை

கல்லூரி ஆசிரியர்களிடம் மானியம் என்று சொன்னால் ஆராய்ச்சி மானியத்தைத்தான் நினைப்பார்கள். பெரிய கருவி வரும், ஆய்வு மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை கிடைக்கும், நாலு கட்டுரை வெளியாகும், பதவி உயர்வுக்கும் உதவும். பி.எஸ்சி. முதலாண்டு மாணவர் பியூரெட்டை (கரைசலை அளந்து சொட்டு சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்) பிடித்துக்கொண்டு நிற்கும் மேசைக்குப் பணம் தருகிற திட்டங்கள் குறைவு. அந்தக் குறைவான சிலவற்றில் ஒன்று, மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய ஸ்டார் காலேஜ் திட்டம். துறையின் பெயரைப் பார்த்துவிட்டு, பயோடெக்னாலஜி படிப்பு உள்ள கல்லூரிகளுக்குத்தான் என்று எங்கள் பக்கம் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியில்லை. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என இளநிலை அறிவியல் துறைகள் ஒன்றுசேர்ந்து கல்லூரியாக விண்ணப்பிக்கலாம். மாணவர் தன் கையால் சோதனை செய்து, தானாக யோசிக்கப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நான் வேதியியல் ஆசிரியர். நெல்லைப் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். முன்பெல்லாம் ஐந்தாண்டுத் திட்டம் தோறும் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யிடமிருந்து வளர்ச்சி மானியம் என்று ஏதாவது வரும். ஆய்வகத்துக்கு நாலு கருவி வாங்கலாம். பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சோடு முடிந்தது. அந்த வழியும் அத்தோடு அடைபட்டது. அதன்பின் எங்கள் இளநிலை ஆய்வகத்தில் புதிதாக வந்தவை உடைந்ததற்குப் பதிலாக வாங்கிய கண்ணாடிச் சாமான்கள்தான். ஆகவே ஸ்டார் காலேஜ் அறிவிப்பு வந்ததும் முதல்வர் எல்லாத் துறைத் தலைவர்களையும் கூப்பிட்டார். ஒருங்கிணைப்பாளர் வேலை என் தலையில் விழுந்தது.

தகுதிச் சான்றிதழ்கள் சேர்ப்பது எரிச்சலான வேலை, ஆனால் கஷ்டமான வேலை இல்லை. மத்திய மானியம் பெறத் தகுதியுள்ள கல்லூரி என்று காட்டும் யூ.ஜி.சி. சட்டம் 1956இன் 2(எஃப்), 12(பி) அங்கீகாரக் கடிதம், கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் சான்றிதழ், மாணவர் எண்ணிக்கை, தேர்ச்சி விவரம், ஆசிரியர் பட்டியல், இருக்கும் கருவிகளின் பட்டியல். 12(பி) கடிதத்தின் மூலப்பிரதி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். அவரைத் தொலைபேசியில் பிடித்ததோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

கஷ்டம் தொடங்கியது துறைகள் கொடுத்த பட்டியலில்தான். விலங்கியல் துறை, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பி.சி.ஆர். கருவி கேட்டது. இயற்பியல் துறை, படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ் கதிர் டிஃப்ராக்டோமீட்டர் வரைக்கும் போய்விட்டது. எங்கள் துறையிலேயே, அகச்சிவப்புக் கதிரால் சேர்மங்களை அடையாளம் காணும் எஃப்.டி.ஐ.ஆர். வேண்டும் என்று இரண்டு பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். இருவருக்கும் வழிகாட்ட ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள், அதுதான் காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருகிற பணத்தை வரும்போதே பிடித்துக்கொள் என்பதுதான் எங்களைப் போன்ற கல்லூரிகளில் பழக்கம்.

தாவரவியல் மேடம்தான் அந்தக் கூட்டத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பேட்சுக்கு நாற்பது பேர், பிராக்டிகல் மூன்று மணி நேரம், கருவி ஒன்று. ஒருவருக்கு நாலரை நிமிடம். அதில் சாம்பிள் வைக்க இரண்டு நிமிடம் போனால், மாணவர் திரையைப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். அப்புறம் அவர் கேட்டது நுண்ணோக்கிகள் மட்டும், இரண்டு பேருக்கு ஒன்று வீதம். நாங்களும் திரும்பிப் போய்ப் பட்டியலைக் கிழித்தோம். ஒரு நல்ல இரட்டைக் கற்றை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் சில லட்சம் ரூபாய். சாதாரண கலரிமீட்டர் பத்தாயிரத்தை ஒட்டி வரும். இரண்டும் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பவை; செறிவு கூடினால் உறிஞ்சுவதும் கூடும் என்று கற்றுக்கொடுக்க வேண்டிய பீர்–லாம்பர்ட் விதி இரண்டிலும் ஒன்றுதான்.

விண்ணப்பத்தில் நாங்கள் மெனக்கெட்ட பகுதி, இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லும் அட்டவணை. பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே, அதை மாணவர் தனியாகச் செய்கிறாரா, குழுவாகச் செய்கிறாரா, ஆசிரியர் செய்து காட்டுகிறாரா, அல்லது ரெக்கார்டு நோட்டில் மட்டும் இருக்கிறதா என்று எழுதினோம். ரெக்கார்டு நோட்டில் மட்டும் என்ற கடைசி வகையில் விழுந்தவை கணிசம். முதல்வருக்கு இது பிடிக்கவில்லை. வீட்டு வண்டவாளத்தை நாமே தண்டவாளத்தில் ஏற்றுவானேன் என்றார். அடுத்த நாக் வருகைக்கு இதை யாராவது எடுத்துக் காட்டினால் என்ன செய்வது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் பணம் எதற்குக் கேட்பது? கொஞ்சம் வாசகங்களைத் தணித்து, அட்டவணையை அப்படியே விட்டோம். இன்று யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் இந்த அட்டவணையைத்தான் முதலில் போடச் சொல்வேன். அதைப் போட்டால் என்ன வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நிபுணர் குழு முன் விளக்கம் இணையவழியில் நடந்தது. எங்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். கல்லூரி வரலாறு, நிறுவனர் படம், விளையாட்டுக் கோப்பைகள் எல்லாவற்றையும் ஸ்லைடில் இருந்து எடுத்துவிட்டிருந்தோம், நல்லதாகப் போயிற்று. குழுவில் ஒருவர் நேராக அட்டவணைக்கு வந்தார். கேட்டிருக்கும் கருவிகள் முதுநிலை ஆய்வகத்துக்குப் போய்ப் பூட்டிக் கிடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது அவர் கேள்வி. கருவிகள் இருக்கப்போகும் அறையின் வரைபடமும், எந்த நாளில் எந்த பேட்ச் என்ற நேர அட்டவணையும் கையில் இருந்தன. காட்டினோம். இன்னொருவர், காலியான ஆசிரியர் பணியிடங்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களையும் நிர்வாகம் சம்பளம் தரும் தற்காலிக ஆசிரியர்களையும் வைத்து ஓட்டுகிறோம் என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஒப்புதல் ஆணை வந்தபோது கேட்டதில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது. எல்லோருக்கும் வெட்டுவார்கள் என்று அனுபவசாலிகள் முன்பே சொல்லியிருந்ததால் யாரும் மூக்கால் அழவில்லை. கருவிக்கு ஒரு தலைப்பு. ரசாயனம், பயிற்சி, களப்பயணம் போன்ற தொடர் செலவுக்கு வேறு தலைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வாங்கும் கருவிகள் அரசுப் பணத்தில் வந்த சொத்து என்று தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அனுமதியில்லாமல் கழித்துக்கட்டக் கூடாது.

பணம் மத்திய அரசின் இணையவழி நிதி மேலாண்மை அமைப்பான பி.எஃப்.எம்.எஸ். வழியாகத்தான் வரும். அதில் கல்லூரியின் பெயர் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ‘முதல்வர்’ என்று முன்னொட்டோடு வேறு மாதிரி. அதைச் சரிசெய்ய வங்கிக்கு நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. விண்ணப்பம் எழுதும்போதே யாராவது ஒருவர் போய் இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்; கல்யாணத்துக்குப் பார்க்கிற பொருத்தத்தைவிட இது கறாரானது.

கொள்முதலில் ஒரு சிக்கல் வந்தது. ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஒரு சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சலுகையை நம்பிப் பழைய கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போட்டிருந்த துறைக்கு 18 சதவீதம் கட்ட வேண்டியதாயிற்று. அதே தொகையில் ஒன்பது கருவி வாங்கலாம் என்றிருந்த இடத்தில் எட்டுதான் வந்தது. மற்றபடி மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டு அட்டவணை, கொள்முதல் குழுக் கையெழுத்து எல்லாம் வழக்கம்போல. விலை குறைவாகப் போட்ட ஒரு சப்ளையர் கலரிமீட்டர்களை அனுப்பினார், கூடவே தர வேண்டிய கண்ணாடிக் குழாய்களை அனுப்பவில்லை. அது தனி என்றார். கொள்முதல் ஆணையில் உதிரிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் தனித்தனியாக எழுதியிருந்ததால் அவரிடமிருந்து வாங்க முடிந்தது.

சரி, இனி ஆய்வகத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த மானியத்தில் பிடித்த பகுதி இதுதான்.

எங்கள் ஆய்வகத்தில் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டு சொட்டாக விட்டு அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை, என்றால் காலங்காலமாக ஒரே முறைதான். ஆசிரியர் ஒரு கரைசலைத் தயாரித்து வைப்பார். அதன் செறிவை மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வரிசைக்காரன் ரீடிங் எடுத்ததும் ‘வேல்யூ’ பின்வரிசை வரைக்கும் போய்விடும். அதற்கப்புறம் பாதிப்பேர் பியூரெட்டைத் திறப்பதே ஒப்புக்குத்தான். எழுத வேண்டிய எண் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஐம்பது மி.லி. பியூரெட், கரைசலோ லிட்டர் கணக்கில். எல்லாம் தொட்டியில் போய்ச் சேரும்.

மானியத்தில் பத்து மி.லி. பியூரெட்டுகள் வாங்கினோம். ஆளுக்கு ஒன்று. தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னோம். பத்து மி.லி. தண்ணீர், அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் பஃபர் கொஞ்சம், நிறம் மாறிக் காட்டும் இண்டிகேட்டரான எரியோக்ரோம் பிளாக் டி சிட்டிகை. திராட்சைச் சிவப்பு நிறம் வரும். கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வின் 0.01 மோலார் கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் நீலமாகும். இந்த அளவுகளில் ஒரு வசதி உண்டு: பியூரெட் ரீடிங்கை நூறால் பெருக்கினால் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிநீரில் 200 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை. அதாவது இரண்டு மி.லி., ஆறு மி.லி. ஒரு ஓரத்தில் கரும்பலகையில் இந்த இரண்டு கோடுகளையும் போட்டு வைத்தோம்.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்ததும் நீலமாகிவிட்டது. திசையன்விளைப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். பியூரெட் முழுதும் இறங்கிவிட்டது, குடுவையில் இன்னும் சிவப்பு. இண்டிகேட்டர் கெட்டுப்போச்சா சார் என்று கேட்டாள். பக்கத்துப் பெண்ணின் தண்ணீரில் அதே இண்டிகேட்டர் ஒழுங்காகத்தான் மாறியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், தானாகவே காய்ச்சி வடித்த நீரை எடுத்து, சாம்பிளை நாலு மடங்கு நீர்த்து மறுபடி செய்தாள். பிறகு நாலால் பெருக்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்லித்தரவில்லை. ரெக்கார்டில், வீட்டில் குடிக்க கேன் தண்ணீர், சமையலுக்கும் துவைக்கவும் இந்தத் தண்ணீர் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். எங்கள் ரெக்கார்டுகளில் அப்படி ஒரு வரியை அதற்கு முன் பார்த்ததில்லை.

இதில் ஆசிரியர்களுக்கு ஒரு தலைவலியும் உண்டு. நாற்பது சாம்பிள், நாற்பது விடை. சரியான விடை எது என்று எங்களுக்கே தெரியாது. மதிப்பெண் எப்படிப் போடுவது? துறைக்குள் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில், மூன்று முறை எடுத்த ரீடிங்குகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன, கணக்கு சரியா, நீர்க்க வேண்டிய இடத்தில் நீர்த்தாரா என்று பிரித்துப் போட்டோம். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டக் குழுவில் வைத்து மாற்ற முடிந்தது. பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் கல்லூரிகளில் இது இத்தனை சுலபமாக நடக்காது. அவர்கள் வழக்கமான பிராக்டிகலுக்கு வெளியே தனி நேரம் ஒதுக்கித்தான் செய்கிறார்கள்.

ஆய்வக உதவியாளர் அண்ணன் ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பத்து மி.லி. பியூரெட் மெலிசு, பிள்ளைகள் உடைத்துத் தள்ளிவிடுவார்கள் என்றார். உடைத்தார்கள்தான். ஆனால் கழுவ வேண்டிய குடுவைகளும் கரைக்க வேண்டிய ரசாயனமும் குறைந்ததைப் பார்த்தபின் அவரே அடுத்த பேட்சுக்கு எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆண்டு தோறும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். பொது நிதி விதிகள் 2017இல் உள்ள 12-ஏ படிவம். கையிருப்பு, வந்தது, வட்டி, செலவு, மீதி, அவ்வளவுதான். பட்டயக் கணக்கர் கையெழுத்து வேண்டும். மானியத்தில் விழும் வங்கி வட்டி நம் பணம் கிடையாது. அரசுக்கே திரும்பக் கட்ட வேண்டும், அரசுக்கு இணையவழியில் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டிவிட்டு ரசீதை இணைக்க வேண்டும். மார்ச் கடைசியில் உட்கார்ந்தால் பில் கிடைக்காது, ஆடிட்டரும் கிடைக்கமாட்டார். ஒவ்வொரு பில்லையும் வந்த அன்றே தலைப்பு வாரியாகக் கோப்பில் போட்டு வைக்க ஒரு இளம் ஆசிரியரை நியமித்தோம்; அந்தப் பொறுப்புக்காக அவருக்கு வாரத்தில் இரண்டு வகுப்பைக் குறைத்தோம். வகுப்பைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கொடுக்கிற கல்லூரிகளில்தான் இந்தக் கோப்பு ஓட்டையாகிறது.

கருவிகள் இருக்கும். தொடர் செலவுப் பணம் மானியக் காலத்தோடு நின்றுவிடும். பஃபர், இண்டிகேட்டர், உடைகிற பியூரெட் எல்லாம் அப்புறம் யார் வாங்குவது என்ற கேள்வி ஆலோசனைக் குழுக் கூட்டத்திலேயே வந்தது. சிறிய அளவில் செய்வதால் மிச்சமான ரசாயனச் செலவைக் கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் காட்டினோம். வேதியியல், தாவரவியல் இரண்டுக்கும் ஆண்டுத் தொகை ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். இயற்பியல் துறையின் கோப்பு இன்னும் செயலாளர் மேசையில் இருக்கிறது.