வங்குரோத்து மனு போடுவதற்கு முன்னால்

2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா தொற்றுப் பரவி கொழும்பு புறக்கோட்டையை மறுபடியும் மூடியதிலிருந்து தெரிந்த கடைக்காரர்கள் பலர் தொலைபேசியில் கேட்டது ஒன்றைத்தான்: "அண்ணா, கோர்ட்டுக்குப் போய் கடன் கட்ட வழியில்லை, வங்குரோத்து என்று சொல்லிவிட்டால் கடன்காரர் தொல்லை தீருமா?"

வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்தவர்களுக்கு என் பதில், தீராது. நம் இலங்கையில் தனியாளின் வங்குரோத்துக்கு நீண்ட காலமாக இருந்து வந்தது 1853ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்துக் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால் உங்கள் சொத்தைப் பொறுப்பெடுத்துக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார்கள். ஆனால் வங்கியிடம் ஈடாகக் கிடக்கும் வீடு அதில் தப்பாது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, பெரிய கடன் என்றால் வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவித்து, வழக்கே போடாமல் ஏலம் விடலாம். உங்களுக்குப் பிணைக் கையெழுத்து வைத்த மச்சானை யோசித்துப் பாருங்கள், நீங்கள் வங்குரோத்தானாலும் அவர் தலையில் அந்தக் கடன் அப்படியே நிற்கும், அது எனக்கு மிகவும் கொடுமையாகப் படுகிறது.

கடன் தவணையைத் தள்ளிப்போடும் மொரட்டோரியத்தையும் பலர் கடன் தள்ளுபடி என்று நினைத்திருக்கிறார்கள். 2020 மார்ச் 20 ஊரடங்கு வந்தபோது என் கடையில் சித்திரைப் புத்தாண்டுக்கு இறக்கிய துணி எல்லாம் பெட்டி பிரிக்காமலே கிடந்தது, செக் கொடுத்து வாங்கிய சரக்கு. மத்திய வங்கி சொன்ன ஆறு மாதச் சலுகை எனக்கும் கிடைத்தது, அது இல்லாவிட்டால் கடை அன்றே போயிருக்கும். ஆனால் செப்டெம்பர் முடிய வந்த கணக்குக் கூற்றில் தவணைப் பத்தியில் எல்லாம் பூச்சியம், பக்கத்துப் பத்தியில் வட்டி மாதா மாதம் ஏறி, கடைசி வரியில் மீதி மார்ச்சில் இருந்ததை விடக் கூடியிருந்தது. மனைவியின் காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பிறகு அந்தச் சலுகையை 2021 மார்ச் 31 வரை நீட்டினார்கள். அது தானாகக் கிடைக்கவில்லை, நாம்தான் கேட்க வேண்டியிருந்தது. வங்கியிடம் எந்தச் சலுகை கேட்கும் முன்னும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் (CRIB) அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வங்கி பார்ப்பதும் அதைத்தான். எந்தக் கடனுக்கு வீடு ஈடு, எதற்கு வாகனம், எது வெறும் கையெழுத்து என்று ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள், வீடு போகக்கூடிய கடன் முதலில். அப்புறம் தயவுசெய்து வங்கித் தவணை கட்ட மீற்றர் மாதிரி ஏறும் கொடுவட்டிக்கு, அதுதான் மீற்றர் வட்டிக்கு, எடுக்காதீர்கள், அந்த வழியில் போனவர்களை கொழும்பு ஆமர் வீதிப் பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன். முகாமையாளரிடம் வாயால் சொன்னது போதாது. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று தொகை போட்டுக் கடிதம் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.