சாலைக் குழிக்கு நகராட்சியிடம் கிளெய்ம் வாங்கிய அனுபவம்

கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மழைக்காலத்தில் சாலைக் குழியில் கார் இறங்கி, டயர் கிழிந்து ரிம்மும் வளைந்துவிட்டது. கார் இன்ஷூரன்ஸில் என் டிடக்டிபிள், அதாவது முதலில் நானே போட வேண்டிய தொகை, 1,000 டாலர்; ரிப்பேர் செலவோ அதைவிடக் குறைவு. சரி, நகராட்சியிடமே கேட்போம் என்று இறங்கினேன்.

இங்கே அரசு அமைப்பின்மேல் எடுத்தவுடன் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. முதலில் எழுத்தில் கிளெய்ம் கொடுக்க வேண்டும். இதுபோன்ற சேதத்துக்கு 6 மாதக் கெடு. பதில் சொல்ல அவர்களுக்கு 45 நாள். சிட்டி கிளார்க் அலுவலகத்தில் படிவத்தோடு பில்லும் ஃபோட்டோவும் கொடுத்தேன்.

கடிதம் வந்தது நகராட்சியிடமிருந்து இல்லை, அவர்கள் அமர்த்திய ஒரு கிளெய்ம் நிர்வாக நிறுவனத்திடமிருந்து. "நகராட்சிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி எது?" என்று அங்கே என் கிளெய்மை ஆராய்ந்த அட்ஜஸ்டரைக் கேட்டேன். இந்த அளவு தொகைக்குக் கம்பெனியே கிடையாதாம், நகராட்சி தன் கையிலிருந்துதான் கொடுக்குமாம். ஒரு வரம்பைத் தாண்டினால் பல நகராட்சிகள் சேர்ந்து போட்ட பொது நிதி ஏற்கும். கிட்டத்தட்ட நம்மூர்ச் சீட்டு, ஏலம் மட்டும் இல்லை. மிகப் பெரிய நஷ்டத்துக்கு அந்த நிதி மறுகாப்பீடு, அதாவது தனக்கே ஒரு காப்பீடு, வாங்கி வைத்திருக்கும். 1980களின் நடுவில் கம்பெனிகள் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றி, சில ஊர்களுக்கு பாலிசியே தர மறுத்தபோதுதான் இந்தக் கூட்டு நிதிகள் பெருகின.

ஆக, என் டயருக்கான பணம் ஊரின் சொந்தப் பணம். கெடுபிடி இருக்கத்தான் செய்யும். குழி இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அது நகராட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெரியாமல் போக வழியில்லாத அளவுக்கு நாள்பட்டுக் கிடந்திருக்க வேண்டும். சரிசெய்ய அவகாசமும் இருந்திருக்க வேண்டும். அட்ஜஸ்டர் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

அப்புறம் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் அந்தத் தெருவைப் பற்றி வந்த புகார்களைக் கேட்டு எழுதினேன். ஆவணம் தர முடியுமா முடியாதா என்று 10 நாளில் சொல்லியாக வேண்டும். நம்மூர் ஆர்டிஐயில் 30 நாள். வந்த பட்டியலில் அதே குழி! யாரோ ஒரு புண்ணியவான் எனக்கு வெகு முன்பே புகார் செய்திருந்தார். அதை அனுப்பிய பிறகு பேச்சின் தொனியே மாறியது. ரிம்முக்கு முழுத்தொகை, டயர் பழசு என்று தேய்மானம் கழித்தார்கள், நியாயம்தான். இனி இதற்காக எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகே செக் வந்தது.

எழுத்தில் மறுத்துக் கடிதம் வந்தாலும் அதிலிருந்து 6 மாதத்துக்குள் சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். அங்கே வக்கீல் இல்லாமல் நாமேதான் வாதாட வேண்டும்.