பாஸ்வேர்டு ஃபைலில் நேராகக் கை வைக்காதீர்கள்

லினக்ஸ் சர்வரில் இடிசி (/etc) டைரக்டரிக்குள் இருக்கும் பாஸ்வேர்டு ஃபைல் பார்க்க ரொம்பச் சாது. ஒரு யூசருக்கு ஒரு வரி, வரிக்கு 7 கட்டங்கள், நடுவில் கோலன் (:), அவ்வளவுதான். பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) கூட இப்போது அதில் இல்லை, ஷேடோ ஃபைலுக்குப் போய்விட்டது. அதனாலேயே செட் (sed), ஆக் (awk) என்று வரிகளைத் தேடி மாற்றும் கருவிகள் தெரிந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

எனக்கும் துறுதுறுத்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் நாற்பது பேருடைய ஷெல்லை, அதாவது அவர்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராமை, மாற்றவேண்டியிருந்தது. ஆக்கில் ஒரே வரி எழுதி, வருவதை > போட்டு அதே ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். ஆக் படிக்க ஆரம்பிக்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைத் திறந்து காலி செய்துவிடும் என்பது அந்த நொடியில் மண்டையில் இல்லை. ஃபைல் 0 பைட். ஃபைல்களைப் பட்டியலிட எல்எஸ் (ls) போட்டால் ஓனர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் எண்கள், யாராலும் புதிதாக லாகின் செய்ய முடியவில்லை. நல்லவேளை, ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, நான் உள்ளே போயிருந்த விண்டோ திறந்தே இருந்தது. சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு நான் யூஐடி (யூசர் எண்) 0 என்பது போதும், பெயர் தேவையில்லை.

அதே டைரக்டரியில் பெயரின் கடைசியில் ஒரு கோடு (-) போட்ட பழைய காப்பி இருக்கும், யூசரைச் சேர்க்கும் யூசர்ஆட் மாதிரிக் கருவிகள் விட்டுவைப்பது. அதைத் திரும்ப வைத்தேன். ஆனால் அது ஒரு மாற்றம் பின்தங்கியது, கடைசியாகச் சேர்த்த பெண்ணின் வரி அதில் இல்லை. அவர் பெயர் ஷேடோவில் கிடைத்தது, யூஐடி கிடைக்கவில்லை. அப்புறம் ஹோம் டைரக்டரியைப் பார்த்தால் ஓனர் இடத்தில் 1043 என்று நின்றது. அதை வைத்து வரியைக் கையால் எழுதினேன்.

அன்றிலிருந்து ஒன்றிரண்டு யூசர் என்றால், யூசர் விவரத்தை மாற்றும் யூசர்மாட் மட்டும்தான். ஃபைலையே திறந்தாகவேண்டும் என்றால் விஐபிடபிள்யூ (vipw): அது பூட்டுப் போட்டு, காப்பியில் திருத்தவிட்டு, வெளியே வந்ததும் மாற்றிவைக்கும். ஆனால் வரி சரியா தப்பா என்று பார்க்காது, அதற்குப் பிடபிள்யூசிகே (pwck) ஓட்டவேண்டும். யார் சூடோ போட்டு ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலுக்கு விசூடோ (visudo), அது இலக்கணத்தையும் சேர்த்தே பார்த்துவிடும்.

மொத்தமாக மாற்றத்தான் வேண்டும் என்றால், ரூட்டின் ஹோமில் காப்பி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். செட்டில் வெறும் குமார் என்று தேடினால் ராஜ்குமாரும் குமாரியும் சேர்ந்து மாட்டுவார்கள். வரித் தொடக்கத்துக்கு ^, பெயருக்குப் பின்னால் கோலன், இரண்டும் கட்டாயம். ஆக்கில் உள்ளே வரும் வரியின் கட்டங்களைப் பிரிப்பது கோலன் என்று சொல்லிவிட்டு, வெளியே போகும் வரிக்குச் சொல்ல மறந்தால், மாற்றிய வரியில் கோலன் எல்லாம் இடைவெளியாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டு ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் போட்டு, மாறவேண்டிய வரிகள் மட்டும்தான் மாறியிருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். திரும்ப வைத்ததும் பர்மிஷன் 644 (ஓனர் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம்) தானா என்றும் பாருங்கள், இல்லையென்றால் சாதாரண யூசர்களுக்குப் பெயர் தெரியாது.

இவ்வளவும் சரி என்றாலும் ரூட் விண்டோவை மூடாதீர்கள். வேறு விண்டோவில் சாதாரண யூசராக உள்ளே போய், சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு மூடுங்கள்.